இரண்டு இடங்களில் கணக்குக் கொடுக்கும் உத்தியோகம்

மனநல மருத்துவர் ஒருவர் பல்கலைக்கழக வேலைக்குப் போவது பெரிய செய்தி அல்ல. மருத்துவக் கல்லூரியில் சேர்வார், பாடம் நடத்துவார், ஆய்வுக் கட்டுரை எழுதுவார். 1988இல் நியூசிலாந்தில் மேசன் டூரி எடுத்த முடிவு அப்படிப்பட்டதல்ல. பாமர்ஸ்டன் நார்த் நகர மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கவனித்துவந்த அவர், அதே ஊரிலுள்ள மாஸி பல்கலைக்கழகத்தில் மாவோரி ஆய்வுத் துறையின் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். நாட்டின் பூர்வகுடிகளான மாவோரியரின் மொழி, வரலாறு, சடங்கு, நில உரிமை ஆகியவற்றைக் கற்பிக்கும் துறை அது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அங்கே என்ன வேலை என்று அன்றைக்குப் பலர் புருவத்தை உயர்த்தியிருக்கக்கூடும்.

பூர்வகுடி ஆய்வு, உளவியல், குணப்படுத்தும் மரபு ஆகிய மூன்றையும் ஒரே ஆள் சுமக்கும் கல்விப் பணிகள் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ புதுமோகம் போலத் தெரியும். ‘மரபு வைத்தியத்துக்குப் பல்கலைக்கழக முத்திரையா’ என்ற ஏளனமும் எழும். இந்தப் பணி ஏன் உருவானது, அதில் எது உண்மையிலேயே கடினம் என்பதைப் புரிந்துகொள்ள நியூசிலாந்தைப் போல் தோதான இடம் இல்லை. ஒரு காலத்தில் சிறைத் தண்டனைக்குரியதாக இருந்த தொழிலுக்கு அதே அரசு பின்னாளில் பணம் கட்டிய கதை அங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது.

1907இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தொஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. தொஹுங்கா என்பவர் மாவோரி சமூகத்தின் வல்லுநர்: மரம் செதுக்குபவர், பச்சை குத்துபவர், வம்ச வரலாற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர், மந்திரமும் மூலிகையும் அறிந்து நோய் தீர்ப்பவர் என்று அதில் பல வகை. நோய் தீர்ப்பதாகவோ எதிர்காலம் சொல்வதாகவோ கூறி மாவோரியரைக் கூட்டினால் அபராதம் அல்லது சிறை என்றது சட்டம். இதை ஆதிக்க வெள்ளையர் திணித்த சட்டம் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது என்பதுதான் சங்கடம். மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் ஜேம்ஸ் கேரல் தாய்வழியில் மாவோரி. சிகாகோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, மாவோரி கிராமங்களில் சுகாதார அதிகாரியாக அலைந்த மாவுய் போமரே அதற்கு முன்னணி ஆதரவாளர். காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைக் குளிர்ந்த ஆற்றில் முக்கும் சிகிச்சையைக் கண்ணால் பார்த்தவர்களின் கோபமும் அந்தச் சட்டத்தில் இருந்தது. உரேவெரா மலைக்காட்டில் தனக்கென ஒரு சமூகத்தையே எழுப்பிக்கொண்டிருந்த ருவா கேனானா என்ற தீர்க்கதரிசியை அடக்க வேண்டும் என்ற அரசின் கணக்கும் கூடவே இருந்தது.

சட்டத்தின்படி தண்டிக்கப்பட்டவர்கள் சிலரே. ஆனால் அது செய்த வேலை வழக்குகளின் எண்ணிக்கையில் தெரியாது. சொல்லிக்கொடுப்பவர் பயந்தார், கற்க வந்திருக்க வேண்டிய பேரன் வராமலே போனான். 1962இல் சட்டம் நீக்கப்பட்டபோது அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்திருந்தது. மரபு அழிந்துவிடவில்லை, வெளிச்சத்திலிருந்து விலகி வீடுகளுக்குள் போய்விட்டிருந்தது.

இதே காலத்தில் மறுபக்கம் ஒன்று நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாவோரியர் கிராமத்தை விட்டுப் பெருந்திரளாக நகரங்களுக்கு வந்தார்கள். போருக்கு முன்பு மனநல மருத்துவமனைகளில் அவர்கள் அரிதாகவே காணப்பட்டார்கள். 1970களுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகி, மக்கள்தொகை விகிதத்தையும் மிஞ்சிய அளவில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டால், போலீசும் நீதிமன்றமும் அனுப்பி வந்தவர்கள் அவர்களிடையே அதிகம். டூரி மனநல மருத்துவரானது இந்தச் சூழலில்தான். 1963இல் ஒட்டாகோவில் பட்டம்; பிறகு மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பயிற்சி. ஊர் திரும்பியவரின் முன்னால் உட்கார்ந்திருந்த நோயாளிகள் அவருடைய சொந்த இனத்தார். பயிற்சியில் கற்ற கேள்விகளோ தனிமனிதரை நோக்கி மட்டும் அடுக்கப்பட்டவை.

1982இல் மாவோரி மகளிர் நல அமைப்பு ஒன்று பெண்களின் உடல்நலம் குறித்துப் பெரிய ஆய்வுக்குத் தயாரானது. களப்பணியாளர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில், ‘நலம் என்று நாம் எதைச் சொல்கிறோம்’ என்ற விவாதம் எழுந்தது. உடலைப் பற்றிய பேச்சுக்கு முன்பே பெரியவர்கள் ஆவியைப் பற்றிப் பேசினார்கள். அங்கிருந்து டூரி உருவாக்கிய மாதிரிதான் நான்கு சுவர் வீடு: உடல், மனம், குடும்பம், ஆவி. ஒரு சுவர் சாய்ந்தால் வீடு நிற்காது. இன்று நியூசிலாந்தில் பல பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனை நடைபாதைகளிலும் இந்த வீட்டின் படத்தைப் பார்க்கலாம்.

அதன் எளிமையே அதற்கு எதிரியாகவும் ஆனது என்பது என் எண்ணம். படிவத்தில் நான்கு பெட்டிகள். உடல் பெட்டியில் பத்து வரி, மனப் பெட்டியில் பத்து வரி, குடும்பப் பெட்டியில் தொலைபேசி எண், ஆவிப் பெட்டியில் எந்தத் தேவாலயம் என்று ஒரு சொல். இப்படி நிரப்பிவிட்டுப் ‘பண்பாட்டு நோக்கில் மதிப்பிட்டோம்’ என்று கோப்பை மூடும் வழக்கத்துக்கு டூரி பொறுப்பாளி அல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் சிந்தனையைப் படமாக வரைந்து அலுவலகத்திடம் கொடுத்தால் அலுவலகம் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்.

டூரியின் இன்னொரு பங்களிப்பு அவ்வளவு பிரபலமாகவில்லை. எனக்கு அதுதான் ஆழமானதாகத் தோன்றுகிறது. மராய் எனப்படும் மாவோரி ஊர்க்கூடத்தில் விருந்தினரை வரவேற்கும் சடங்கை அவர் மனநல மருத்துவரின் கண்ணால் படித்தார். வந்தவர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அழைப்புக் குரல் எழுகிறது. வந்தவர்களிடமிருந்து இன்னொரு பெண் பதில் குரல் கொடுக்கிறார். திறந்த முற்றத்தைக் கடந்து இரு தரப்பும் எதிரெதிரே, இடைவெளி விட்டு அமர்கின்றன. பேச்சுகள் நடக்கின்றன, இறந்தவர்கள் முதலில் நினைக்கப்படுகிறார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்துகொள்ளும் நெருக்கம். அறிமுகமில்லாத ஒருவரை ஐந்தாவது நிமிடத்தில் ‘சின்ன வயதில் உங்களை யாராவது துன்புறுத்தினார்களா’ என்று கேட்கும் மருத்துவமனை நேர்காணலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூரத்துக்கும் ஒரு பயன் உண்டு, நெருக்கத்தைச் சம்பாதிக்க வேண்டும் என்பது அந்த முற்றத்தின் பாடம். மேற்கத்திய உளவியல் ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள உள்நோக்கித் தோண்டுகிறது. மாவோரிச் சிந்தனை வெளிநோக்கிப் போய், அவர் யாருடைய மகன், எந்த மலைக்கும் ஆற்றுக்கும் உரியவர் என்று தேடுகிறது என்றார் டூரி. மொழியும் சடங்கும் தெரிந்த துறையில் அந்த மருத்துவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இதுவே போதுமான பதில்.

அவர் செய்த நிர்வாக வேலையையும் சொல்ல வேண்டும். 1999இல் மாஸியில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், ஐந்தாண்டில் 100 மாவோரி மனநலப் பணியாளர்களைப் பட்டதாரிகளாக்குவது என்று இலக்கு வைத்தது, எட்டியது. பணத்தோடு நிற்காமல், தொலைதூரக் கல்வியில் தடுமாறும் மாணவர்களைத் தேடித் தேடி ஊக்கப்படுத்தும் வழிகாட்டிகளையும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

உளவியலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர் லிண்டா வைமரியே நிக்கோரா. டூஹோய் என்னும் மாவோரிக் குலத்தைச் சேர்ந்த உளவியலாளர். வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் 1997இல் மாவோரி உளவியல் ஆய்வுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டதில் முன்நின்றவர். பின்னர் ஆக்லாந்தில் பூர்வகுடி ஆய்வுப் பேராசிரியரானார். ஙாஹுயா டே அவேகொட்டுக்குவுடன் சேர்ந்து அவர் நடத்திய பெரிய ஆய்வின் பொருள் சாவு. அதாவது தங்கிஹங்கா என்னும் மாவோரி இழவுச் சடங்கு.

அந்தச் சடங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உடல் மராய்க்குக் கொண்டுவரப்படுகிறது. மூடாத பெட்டியில், பெரும்பாலும் மூன்று நாள். பக்கத்திலேயே குடும்பத்துப் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள்; இறந்தவரைத் தனியே விடுவதில்லை. முன்பே போய்ச் சேர்ந்தவர்களின் புகைப்படங்கள் சுற்றி வைக்கப்படுகின்றன. கூட்டம் கூட்டமாக வருபவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, இறந்தவரிடமே பேசுகிறார்கள். புகழ்வார்கள், திட்டவும் செய்வார்கள். கடன் பாக்கியையும் செய்யாத வாக்கையும் முகத்துக்கு நேரே சொல்வார்கள். கண்ணீரோடு மூக்குச் சளியும் ஒழுகினால் துடைத்துக்கொள்ள வேண்டும் என்ற கூச்சம் இல்லை. கடைசி இரவில் பாட்டும் சிரிப்பும் கேலியும். அடக்கம் முடிந்ததும் கைகழுவி, விருந்துண்டு, இறந்தவரின் வீட்டை மந்திரம் சொல்லி மிதித்துத் தூய்மை செய்கிறார்கள். ஓராண்டு போலக் கழித்துக் கல்லறைக் கல்லின் திரையை விலக்க மீண்டும் கூடுகிறார்கள். ஒப்பாரி வைத்து அழுத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய விநோதம் தெரியாது.

ஆனால் உளவியலுக்கு விநோதம் தெரிந்தது. இறந்தவரிடமிருந்து மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று ஃப்ராய்ட் எழுதியது 1917இல். அதிலிருந்து விலகி, இறந்தவரோடு உறவு தொடர்வதும் இயல்பே என்று ஆங்கிலம் பேசும் உளவியல் உலகம் ஒப்புக்கொள்ள 1990கள் ஆனது. அதை ஒவ்வொரு இழவு வீட்டிலும் செய்துகாட்டிக்கொண்டிருந்த சமூகத்தைப் பாடப் புத்தகம் அதுவரை ‘பண்பாட்டு வேறுபாடு’ என்ற கடைசி அத்தியாயத்தில்தான் வைத்திருந்தது. நிக்கோரா போன்றவர்கள் செய்தது சடங்கை உளவியலின் மொழியில் நியாயப்படுத்தும் வேலை இல்லை. சடங்கையே ஓர் உளவியல் சிந்தனையாக எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது, நகரத்தில் எங்கே முறிகிறது, கலப்புத் திருமணக் குடும்பங்களில் உடல் யாருக்கு என்ற சண்டை எப்படி வருகிறது என்று கேட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா முழு அடைப்பில் இழவுக் கூட்டங்களுக்குத் தடை வந்தபோது, எது பறிக்கப்பட்டது என்பதை அரசுக்கும் பொதுமக்களுக்கும் விளங்கும்படி சொல்ல இத்தகைய ஆய்வு கைவசம் இருந்தது.

இதுவரை சொன்னவர்கள் ஆய்வாளர்கள். நோயாளியின் அறைக்குள் தொஹுங்காவே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? வெலிங்டனை அடுத்த பொரிருவாவில் மாவோரியருக்கென உள்ள மனநலச் சேவையில் அது நடந்தது. விரெமு நியாநியா சிறுவயதிலிருந்தே மரபு முறையில் கற்ற குணப்படுத்துநர். அலிஸ்டர் புஷ் ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகள் மனநல மருத்துவர். குரல் கேட்கிறது, உருவம் தெரிகிறது என்று ஓர் இளைஞர் வந்தால் இருவரும் சேர்ந்தே பார்ப்பார்கள். புஷ் தூக்கம், போதைப்பொருள், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை விசாரிப்பார். நியாநியா கராக்கியா எனப்படும் வேண்டுதலைச் சொல்லித் தொடங்கி, அந்தக் குரல் யாருடையது, குடும்பத்தில் யார் எப்படி இறந்தார், பாட்டி இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்பார். சில நேரம் மருந்து இல்லாமலேயே விஷயம் தீர்ந்தது. சில நேரம் மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே போயின.

இருவரும் 2017இல் இந்த அனுபவங்களைப் புத்தகமாக்கியபோது தேர்ந்தெடுத்த வடிவம் கவனிக்கத்தக்கது. ஒரே சம்பவத்தைக் குணப்படுத்துநர் ஒரு முறை, மருத்துவர் ஒரு முறை, நோயாளியும் குடும்பமும் ஒரு முறை சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவரின் மொழிக்குள் கரைத்துவிடவில்லை. ‘மூதாதை வந்தார்’ என்று நியாநியா சொன்னதை ‘அதாவது ஆழ்மனப் பதிவு’ என்று புஷ் விளக்க முற்படுவதில்லை. கல்வி உலகத்துக்கு இது கொஞ்சம் எரிச்சலூட்டும். இரண்டில் எது சரி என்று கடைசிப் பத்தியில் தீர்ப்பு எதிர்பார்ப்பது அதன் பழக்கம்.

கிஸ்போர்னில் மனநல மருத்துவர் டயானா கோப்புவாவும், பச்சைக்கலையிலும் மரச்செதுக்கிலும் தொஹுங்காவான அவருடைய கணவர் மார்க் கோப்புவாவும் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். 2017இல் அங்கே தொடங்கிய சேவையில், உதவி தேடி வருபவருக்கு நோய்ப் பெயருக்கு முன்னால் படைப்புக் கதை சொல்லப்பட்டது: வானத் தந்தையும் பூமித் தாயும் இறுகத் தழுவிக் கிடக்க, இருட்டில் நெருக்கியடித்த பிள்ளைகள் பெற்றோரைப் பிரிப்பதா வேண்டாமா என்று சண்டையிட்ட கதை. பிரிவை ஏற்காத காற்றின் தேவன் கோபத்தில் தன் கண்களையே பிய்த்து வானில் எறிந்தான். இவர்களில் உன் நிலை யாருடையது என்ற கேள்வியில் பேச்சு தொடங்கும். மனச்சோர்வு என்ற சொல்லைவிட இந்தக் கதையில் தன்னைக் கண்டுகொள்வது பதினாறு வயதுப் பையனுக்கு எளிது என்பதை நான் நம்புகிறேன். எல்லா நோய்க்கும் இது போதுமா என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் ஆபத்தும் நிஜம். 2007 அக்டோபரில் வெலிங்டன் அருகே வைனுயோமாட்டாவில் 22 வயதுப் பெண் ஒருவர் செத்துப்போனார். அவர்மீது சாபம் இறங்கியிருப்பதாக நம்பிய உறவினர்கள், அதைக் கழிக்க நாள்கணக்கில் வீட்டுக்குள் சடங்கு நடத்தி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மூச்சுத் திணறி இறந்தார். குடும்பத்தார் சிலர் கொலையாகாத மரணக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பார்த்தீர்களா, 1907இல் சொன்னது சரிதானே என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். நான் அதை எதிர்த் திசையில் படிக்கிறேன். அந்த வீட்டில் இருந்தது பயம். முறையாகக் கற்றுத் தேர்ந்து ‘இதோடு நிறுத்துங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் படைத்த ஒருவர் இல்லை. கற்பிக்கும் சங்கிலியை அறுத்தால் நம்பிக்கை சாகாது. அதைக் கட்டுப்படுத்தும் அறிவுதான் சாகும்.

ஆனாலும் இந்த வாதத்தை விஞ்ஞானிகள் எல்லோரும் ஏற்கவில்லை. 2021 ஜூலையில் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 7 பேர் ஒரு வார இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். பூர்வகுடி அறிவு பண்பாட்டுக்கு முக்கியம், ஆனால் அது அறிவியல் ஆகாது என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்களில் உளவியலாளர் இருவர், மனநல மருத்துவர் ஒருவர். மாவோரி வம்சாவளியினர் ஒருவரும் உண்டு. நாடே இரண்டுபட்டுச் சண்டையிட்டது. அந்தச் சண்டையில் இரு தரப்புமே மறந்த ஒன்றை டூரி 2004இலேயே எழுதியிருந்தார்: ஓர் அறிவு முறையின் அளவுகோலால் இன்னொன்றை அளக்காதீர்கள்; இரண்டும் சந்திக்கும் எல்லையில் நின்று வேலை செய்யுங்கள். சொல்வது எளிது. அந்த எல்லையில் நிற்பவரின் பாடுதான் பெரிது.

நியூசிலாந்தில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெறக் குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பு வேண்டும். அதற்குச் சட்டப்படி ஒரு வாரியம் உண்டு. பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. மாவோரி அறிவில் தேர்ச்சி பெற்றவர் என்று ஒருவரை ஏற்பதோ மராயும் குலமும் பெரியவர்களும்; அவர்களும் பெயரை நீக்குவார்கள், கடிதம் அனுப்பாமலே. ஆய்வாளருக்குப் பதவி உயர்வு தருவது வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை. ஆனால் அவர் கேட்டறிந்ததில் மதிப்புமிக்க பகுதி ‘இதை எழுதாதே’ என்ற நிபந்தனையோடு சொல்லப்பட்டதாக இருக்கலாம். ஒரு மந்திரத்தை முழுதாக அச்சிட்டால் ஆய்விதழ் மகிழும். சொல்லித்தந்த மூதாட்டி அதன் பிறகு பேசமாட்டார்.

இதோடு கூடுதல் வேலை வேறு. நாட்டின் பல்கலைக்கழக ஆசிரியர்களில் மாவோரியர் சுமார் 5 சதவீதமே. 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்கள் 17.8 சதவீதம். ஆகவே வரவேற்புரை, தேர்வுக்குழு, பிற துறை மாணவரின் ஆய்வேட்டுக்கு ‘மாவோரி ஆலோசனை’ என எல்லாவற்றுக்கும் அதே நாலு பேரைத்தான் கூப்பிடுகிறார்கள். இதைப் பண்பாட்டு இரட்டைப் பணிநேரம் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டே எழுதிவிட்டார்கள். அதற்குச் சம்பளம் உயர்ந்ததாகத் தெரியவில்லை.

2018இல் ஒரு மாவோரி உளவியலாளர், உளவியல் பயிற்சியே தம் மக்களைக் கைவிட்டுவிட்டது என்று வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் முறையிட்டார். மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840இல் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தை அரசு மீறியதா என்று விசாரிக்கும் அமைப்பு அது; டூரியின் சகோதரர் எடி டூரி நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தார். மாவோரி நலத்துக்கென 2022இல் உருவான தனி ஆணையம் ஆட்சி மாறியதும் 2024இல் கலைக்கப்பட்டது. இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களின் திட்டங்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஆட்டம் காணும்.

நிலைத்து நிற்கும் மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் வந்தது. விபத்துக் காயங்களுக்கும் பாலியல் வன்முறையால் வரும் மனக்காயங்களுக்கும் இழப்பீடும் சிகிச்சையும் தரும் அரசுக் காப்பீட்டுக் கழகம், 2020 முதல் ரொங்கோவா என்னும் மாவோரி மரபுச் சிகிச்சைக்கும் பணம் கட்டுகிறது. மிரிமிரி என்ற உடல் நீவல், ஆறுதல் பேச்சு, வேண்டுதல் எல்லாம் அதில் அடங்கும். சிகிச்சை அளிப்பவரிடம் கழகம் எதிர்பார்ப்பது பட்டச் சான்றிதழைவிட அவருடைய சமூகத்தின் ஆதரவுச் சான்று. மாவோரியரே நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களில் ரொங்கோவாப் படிப்புகளும் இருக்கின்றன. தொஹுங்காவுக்கும் பட்டம் கொடுத்து வாரியம் அமைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பட்டம் வந்தால் பாடத்திட்டம் வரும், பாடத்திட்டம் வந்தால் அரசு வரும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. மூலிகை அடையாளத்தையும் உடல் நீவலையும் தேர்வு வைத்துச் சோதிக்கலாம். பொரிருவாவில் அந்த இளைஞரின் முன்னால் உட்கார்ந்து, இது மூதாதையின் குரலா நோயா, இரண்டுமா என்று தீர்மானிக்கும் தகுதிக்கு வினாத்தாள் தயாரிக்கப் போவது யார் என்பதில் இரு தரப்புக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.